நொச்சிக் கொப்பு

"தாயே, மழைக்கு முன்னாலேருந்து நடக்கேன். தினமும் நடக்கேன். தனியாத்தான் நடக்கேன். ஒண்ணும் அடங்கலியே!"

ஆவுடையப்பன் இப்படி வந்து நின்றபோது இசக்கியம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எது அடங்கல?"

"மனசுதான். வேற என்ன?"

"நான் கால் வலியோன்னு நினைச்சேன்."

"கால் வலியா! டிரில் மாஸ்டர் காலு தாயே இது. இன்னைக்கும் மேல சுனைக்குப் போயிட்டு வந்துதான் காப்பி குடிச்சேன்."

அத்திமலை அடிவாரத்து மடத்துக்கு இசக்கியம்மாதான் பெரியவள். வயது நாற்பதுக்கு மேலே போயிருக்காது. சீடராக வந்து நிற்கிற ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியே காலத்தை ஓட்டிய மனுஷன். இங்கே விசில் ஊதாத குறைதான். பந்தியில் இலை கோணலாகக் கிடந்தால் நேராகப் போடச் சொல்லி சமையல்கார சுடலைமுத்துவை ஒருவழி பண்ணிவிடுவார்.

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார்.

"முன்னாடி இப்படி இல்ல தாயே. இதே மலைதான். ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஏறினா, பாதி வழியிலேயே மனசு குளுந்துரும். பள்ளிக்கூடத்துச் சண்டை, கடன்காரன் ஏச்சு, எதுவும் ஞாபகம் வராது. இப்பவும் அதே மலை, அதே பாதை, அதே காலு. அது மட்டும் எங்க போச்சு?"

"முன்னாடின்னா எப்போ?"

"பிரமு இருக்கையில."

பிரமு அவர் மனைவி. பிரமநாயகி. போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

"அப்பவும் தனியாத்தான் நடப்பீங்களோ?"

"தனியாத்தான். அவ பின்னாடி வருவா."

இசக்கியம்மாவின் கை நின்றது.

"தனியாத்தான். அவ பின்னாடி வருவா," என்று அவர் சொன்னதையே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா," என்றார் ஆவுடையப்பன்.

அவருக்கு அதில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. பாவம்.

"உக்காருங்க மாஸ்டர். நாலு காயி உரிங்க."

உட்கார்ந்தார். உரித்தார். அதையும் வேகமாகத்தான் உரித்தார்.

"அவளுக்கு மூட்டு சரியில்ல. ஆமை மாதிரி வருவா. அவகூட நடந்தா எனக்கு மூச்சே ஒழுங்கா வராது. அதனால ஒரு ஏற்பாடு. ஏட்டி, நான் முன்னாடி போறேன், நீ பைய வா, பாதை பிரியுற இடத்துல கொப்பு போட்டுட்டுப் போறேன்னு சொல்லிருவேன்."

அந்த மலைக்கு அது பழைய வழக்கம். முன்னே போகிறவர், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓடைக்கரை நொச்சியில் ஒரு கொப்பை ஒடித்து, போகக் கூடாத பாதையின் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் பச்சைக் கொப்பைப் பார்த்ததும் மற்றப் பாதையில் ஏறிவிடுவார். வலப்பக்கம் சுனைக்குப் போகும். இடப்பக்கம் பழைய மாட்டுக்கிடையோடு முடிந்துவிடும்.

"கல்யாணமான வருஷத்திலேருந்து போட்டேன் தாயே. ஒவ்வொரு அமாவாசைக்கும். அவ அதை அங்கேயே விட்டுட்டு வருவாளா? மாட்டா! கொப்பைக் கையில எடுத்துக்கிட்டேதான் சுனைக்கு வந்து சேருவா. என்னத்துக்குடி இந்தக் குப்பைன்னு கேட்டா, அரிசியில போட்டா பூச்சி வராதும்பா."

"பிறகு?"

ஆவுடையப்பன் சிரித்தார். அவருக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆசிரியர் ஓய்வறையில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்த கதை.

"ஒருநாள் ஏதோ நினைப்புல கொப்பு போட மறந்துட்டேன். மேல போயிக் குளிச்சாச்சு, கும்பிட்டாச்சு. ஆளைக் காணோம். சோறு அவகிட்ட இருக்கு. பசியோட இறங்கி வாரேன். பாத்தா, பாதை பிரியுற இடத்துல ஒரு பாறை கிடக்குல்லா, அதுல சோத்துப் பொட்டணத்தை மடியில வச்சிக்கிட்டு சாமி மாதிரி உக்காந்திருக்கா!"

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவாங்க? ஏட்டி, இத்தனை வருஷமா வாரியே, உனக்கு வழி தெரியலையான்னு கத்தினேன்."

"அவங்க?"

"தெரியலன்னா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பொட்டணத்து முடிச்சை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டே, தெரியலங்கா! இப்படி ஒரு கூறுகெட்டவளை நீங்க பாத்திருக்கீங்களா தாயே?"

இசக்கியம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பாறையில நீங்க உக்காந்திருக்கீங்களா?"

"நானா! இந்த மலையில வழியில ஒரு இடத்துலகூட நான் உக்காந்தது கிடையாது. அம்புட்டு ஸ்டாமினா."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு அவ மலைக்கு வரல. மூட்டு வலிக்கு, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டா. எனக்கும் தோதாப் போச்சு."

அவரைக்காய் தீர்ந்துபோயிற்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்குக் காவி குடுத்துருங்க தாயே. வீடு, மக, பேரப்பிள்ளைன்னு எல்லாம் பின்னாடியே இழுக்கு. அறுத்து விட்டாத்தான் அடங்கும்."

"மக என்ன சொல்லுதா?"

"வடிவா? வாங்க வாங்கங்கா. தூத்துக்குடியில மாடியில ரூம் போட்டு வச்சிருக்காளாம். நடக்கதுக்குக் கடற்கரை இருக்காம், கூட அவளும் வாராளாம். அவ நடை அவ ஆத்தா நடை. எனக்கு ஆகாது."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சுடலைமுத்து குரல் கொடுத்தான்.

"மாஸ்டர், வடிவக்கா போன்ல!"

"மலைக்குப் போயிட்டாருன்னு சொல்லு!"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே பதில்தான். சுடலைமுத்து இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தான்.

இசக்கியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அமாவாசையன்னைக்குத் தாரேன் மாஸ்டர். மடத்து வழக்கம் தெரியும்லா?"

தெரியும். காவியைக் கீழே மடத்தில் வைத்துக் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் துணியை எடுத்துக்கொண்டு முன்னே போய்விடுவார். வாங்குகிறவர் பின்னால் தனியாக வரவேண்டும். பாதை பிரியும் இடத்தில் கொடுக்கிறவர் கொப்பு போட்டிருப்பார். அதைப் பார்த்து ஏறிச் சுனைக்குப் போய்க் குளித்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"கொப்பு போடுவேன்," என்றாள் இசக்கியம்மா.

"எனக்கு எதுக்குத் தாயே கொப்பு? கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன்."

"போடுவேன்," என்றாள் மறுபடியும்.

*

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் வடிவு வந்து இறங்கினாள். கையில் ஒரு தூக்குவாளி. யார் சொல்லி வந்தாளோ தெரியாது. சுடலைமுத்து மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பன் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். அவள் அங்கேதான் நின்றாள்.

"நாளைக்காப்பா?"

"ஆமா."

"கட்டிக்கிட்டா, பிறகு உங்களை அப்பான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடக் கூடாதும்பாங்க."

வடிவு தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"சரி. அப்ப நாளைக்குக் காலையில வரைக்கும் கூப்பிட்டுக்கிடுதேன்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அப்பா."

"என்ன?"

"சும்மாத்தான்."

தூக்குவாளியைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தாள். தேங்காய்த் துவையலும் தோசையும். அவர் சாப்பிட்டார். அதையும் வேகமாகத்தான் சாப்பிட்டார்.

"வீட்டை ஒதுங்க வச்சேன்பா. அம்மாவோட அரிசி டிரம்மைக் கழுவலாம்னு கவுத்தினா, அடியில பூராவும் நொச்சி. காஞ்சு சருகாக் கிடக்கு. அத்தனை வருஷத்துதும் கிடக்கு."

"பூச்சிக்குப் போடுவா."

"பூச்சிக்குன்னா கொல்லையிலேயே நொச்சி நிக்குதேப்பா. மலையிலேருந்து என்னத்துக்குச் சுமந்துட்டு வரணும்?"

ஆவுடையப்பன் கை கழுவ எழுந்தார். அந்தக் கேள்வி தன்னைக் கேட்டதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

*

விடியும்போது சாரல். இசக்கியம்மா காவித்துணியை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். பின்னால் ஆவுடையப்பன்.

மடத்து வாசல் படியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்.

"அப்பா," என்றாள்.

காதில் விழுந்தது. நிற்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

ஓடையோரம் இசக்கியம்மா நடந்தாள். அம்மாடி, என்ன நடை! டிரில் மாஸ்டருக்கே மூச்சு வாங்கியது. பின்னால் போவது எப்படி என்பது அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் யாருக்கும் பின்னால் நடந்து பழக்கமில்லை. கிட்டப் போனால் அவள் குதிகாலை மிதிக்கிறார். விலகி நின்றால் பதற்றமாக இருக்கிறது.

"வால் மாதிரி ஒட்டாதீங்க மாஸ்டர். பைய வாங்க. நான் முன்னாடி போறேன்."

"தாயே, கொஞ்சம்…"

"கொப்பு போட்டுட்டுப் போறேன்."

நொச்சிப் புதர் வளைவில் அவள் மறைந்துவிட்டாள்.

பிறகு அவரும் ஓடையும்தான். சில்வண்டுச் சத்தம். வேங்கை மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர். பாறை இடுக்கில் ஒரு மரவட்டை அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ஆவுடையப்பன் இதையெல்லாம் பார்த்து நிம்மதி தேடியிருப்பார். இன்றைக்கு அவருக்கு ஒரே நினைப்புதான். கொப்பு போட்டிருப்பாள். போய்விட்டால் தெரிந்துவிடும்.

பாதை பிரியும் இடம் வந்தது.

கொப்பு இல்லை.

இடப்பக்கமும் பார்த்தார், வலப்பக்கமும் பார்த்தார். காற்றில் பறந்துவிட்டதோ என்று குனிந்து தேடினார். ஆடு தின்றிருக்குமோ? இந்த நேரத்தில் இங்கே ஆடு ஏது! நொச்சிப் புதரில் போய்ப் பார்த்தார். ஒரு கிளைகூட ஒடிந்திருக்கவில்லை.

"போடுறேன்னு சொன்னாங்களே," என்று வாய்விட்டே சொன்னார்.

வழி தெரியாமல் இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் போகிற ஆள். ஆனால் கால் எழவில்லை. மறந்துவிட்டாளா? இல்லை, வரவேண்டாம் என்கிறாளா? கொப்பு கிடந்தால் வா என்று அர்த்தம். கிடக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், சின்னப் பிள்ளையைப் போல ஒரு வருத்தமும் வந்தது.

பாறை பக்கத்திலேயே கிடந்தது. அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால்தான் தெரிகிறது. நிற்கிறவனுக்கு நொச்சிக் கிளைகள் மறைக்கின்றன. உட்கார்ந்தால் கிளைகளுக்குக் கீழே திறப்பு. வலப்பக்கத்துப் பாதை வெறும் பாறைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறுவது, மேலே சாய்ந்து நிற்கும் வேங்கை மரம் வரைக்கும், ஒன்றுவிடாமல் தெரிகிறது.

சரிவில் இசக்கியம்மா போய்க்கொண்டிருந்தாள்.

தலையில் காவித்துணி. ஈரப் பாறையில் அந்த ஒரு நிறம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவருக்கு மூச்சு வந்தது. ஏதோ மறதி. இப்போது திரும்பிப் பார்ப்பாள், நான் உட்கார்ந்திருப்பது தெரியும், கையைக் காட்டி வா என்பாள். அப்போது எழுந்து போய்விடலாம்.

அவள் திரும்பவில்லை.

முதல் வளைவு. அங்கே முகம் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். வந்தது. அவள் கண் பாதையில்தான் இருந்தது.

"தாயே," என்றார். அவர் குரல் ஓடைச் சத்தத்தோடு போய்விட்டது.

இன்னும் கொஞ்சம். வேங்கை மரம் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் தெரியாது. அங்கே நின்று ஒரு பார்வை பார்க்காமலா போவாள்?

"திரும்புங்க. ஒரு தடவை திரும்புங்க."

வேங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் அந்த நிறம் போய்விட்டது.

ஆவுடையப்பன் வெறும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தானாகப் பாறையைத் தடவியது. நடுவில் வழவழவென்று இருந்தது.

இங்கே உட்கார்ந்தால் வழி தெரிகிறதே!

ஒவ்வொரு அமாவாசைக்கும் அவள் இங்கேதானே மூட்டுக்கு ஓய்வு கொடுத்திருப்பாள். வெள்ளை வேட்டி சரிவில் ஏறுவது தெரிந்திருக்கும். முதல் வளைவு தெரிந்திருக்கும். வேங்கை மரம் தெரிந்திருக்கும். பிறகு கொப்பை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

அவர் மறந்த அன்றைக்கு எடுக்கக் கொப்பும் இல்லை.

"ஏட்டி பிரமு," என்றார்.

அவருக்கு அழுகை வந்தது. டிரில் மாஸ்டர் அழுது அந்த மலை பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தார், அந்தக் கதையை! அவளை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். விருந்தாளிகள் சிரிக்கும்போது அவளும் கூடச் சிரித்துக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஒருநாளாவது, அப்படி இல்லை என்று சொன்னாளா? சொல்லியிருந்தால் மட்டும் இவர் கேட்டிருப்பாரா?

மேலே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார்.

கீழே மடம் தெரிந்தது. ஓட்டுக் கூரை, சுடலைமுத்துவின் அடுப்புப் புகை, வாசல் படி. படியில் பச்சையாக ஒரு புள்ளி.

இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாக ஒரு கையைத் தூக்கினார். இத்தனை தூரத்தில் தெரியுமா, தெரியாதா? நொச்சிக் கிளை வேறு மறைக்கும். தூக்கியது தூக்கியபடி இருந்தது.

பச்சைப் புள்ளி எழுந்து நின்றது.

*

வெயில் வந்த பிறகு இசக்கியம்மா இறங்கி வந்தாள். கூந்தல் நனைந்திருந்தது. மடித்த காவித்துணி மடித்தபடியே கையில் இருந்தது.

பாறையில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன மாஸ்டர்? இத்தனை வருஷமா வாரீங்களே. வழி தெரியலையா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடியும் போட்டார்.

"தெரியல," என்றார்.